சமவெளியில் பூண்டு விளையாது என்போர்க்கு

காஞ்சிபுரத்தில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வெகுநாளாக நிலைபெற்றிருக்கிறது. புழக்கடையில் கத்தரி வைக்கலாம், வெண்டை வைக்கலாம், அவரைக்குப் பந்தல் போடலாம், மொட்டை மாடியில் தொட்டிகளை அடுக்கிக் கீரை வகைகளையெல்லாம் எடுக்கலாம். வெள்ளைப்பூண்டை மட்டும் நினைக்கவே கூடாது, அது மலைக்கு உரிய பயிர், நம் ஊர் வெயிலில் அதை ஊன்றுவது வீண் சிரமம், ராஜாஜி மார்க்கெட்டில் கால் கிலோ வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதே விவேகம் என்பதுதான் அந்த அபிப்பிராயம். இதைச் சொல்லுகிறவர்கள் மண்ணை அறியாதவர்கள் அல்லர். மற்றச் செடிகளைப் பற்றி அவர்கள் சொல்லுவதை நம்பி நடந்து பலன் கண்டவர்கள் அநேகர், நானும் அவர்களில் ஒருவன். அதனாலேயே இந்த ஒரு விஷயத்திலும் அவர்கள் வாக்கு பிரமாணமாகிவிட்டது. பரீட்சித்துப் பார்க்கலாமே என்ற எண்ணம்கூட எழாதபடி அது வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த அபிப்பிராயத்தை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வதே நியாயம். நம் ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 80 மீட்டர் சொச்சம் உயரத்தில், பாலாற்றை அடுத்துக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் பூண்டுக்குப் பேர்போன கொடைக்கானலோ 2,000 மீட்டருக்கு மேல் நிற்கிறது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பயிரிடுகிற பூண்டு புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. அது இறங்கிவந்து விற்பனையாகிற பெரியகுளத்துப் பக்கத்து வடுகபட்டிச் சந்தையும், நீலகிரிப் பூண்டு ஏலம் போகிற மேட்டுப்பாளையம் மண்டியும் மலையடிவாரத்தில்தான் இருக்கின்றன. நம்முடைய வேளாண்மைப் பல்கலைக்கழகம் தெரிந்தெடுத்துக் கொடுத்த பூண்டு ரகத்துக்குக்கூட ‘ஊட்டி 1’ என்றுதான் பெயர். இவ்வளவுக்கும் பிறகு பூண்டு மலைப் பயிர் அல்ல என்று ஒருவன் சொன்னால் அவனைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயற்கையே. இதற்குத் துணையாக அனுபவம் வந்து நிற்கிறது: அடுக்களையில் முளைவிட்ட நாலு பல்லை எடுத்துத் தொட்டியில் ஊன்றினார்கள், பச்சென்று தாள் வந்தது, மூன்று மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒன்றுமில்லை. மூன்றாவதாக, உரக்கச் சொல்லப்படாவிட்டாலும் உள்ளே வேலை செய்கிற ஒரு காரணமும் உண்டு. இது கோயில் ஊர், பூண்டு வாசனை நம் புழக்கடைக்கு வேண்டாம் என்பது அது.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் பார்வையைச் செலுத்தினால் பூண்டு மலையில் விளைவதாகத்தான் தெரியும். ஆனால் காஞ்சிபுரத்துக் கடையில் கால் கிலோ நிறுத்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பூண்டில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? இந்தியாவிலேயே அதிகமாகப் பூண்டு விளைவிப்பது மத்தியப் பிரதேசம். அதற்கு அடுத்தாற்போல் ராஜஸ்தான். மந்த்சௌர், நீமச், கோட்டா, பாரான் என்று அந்த வட்டாரங்களின் பெயர்களை மண்டிக்காரர்களைக் கேட்டால் ஒப்புவிப்பார்கள். அவை மலைச்சிகரங்கள் அல்ல. கரிசல் படிந்த விரிந்த வயல்வெளிகள். கோட்டாவில் மே மாதத்தில் 42, 43 பாகை வெப்பம் சர்வசாதாரணம். நம் ஊர்க் கத்தரி வெயிலும் அதற்கு முன் தணிந்துதான் போக வேண்டும். அங்கே மழை நின்று அக்டோபர், நவம்பரில் பூண்டை ஊன்றுகிறார்கள், வெயில் முற்றுவதற்கு முன் மார்ச்சையொட்டிப் பிடுங்கிவிடுகிறார்கள். ஆகவே பூண்டுக்கு வேண்டியது உயரம் அன்று, வெயிலற்ற தேசமும் அன்று. பயிர் நிற்கிற நாலு மாத காலத்துக்குத் தக்க பருவம் ஒன்று மட்டுமே. நீலகிரிப் பூண்டை மேட்டுப்பாளையத்தில் வடநாட்டு வியாபாரிகள் விதைக்காகவே வாங்கிச் சென்று சமவெளி விவசாயிகளுக்கு விற்கிறார்கள் என்பதையும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். மலையில் பிறந்த பல்லே மலையை விட்டு இறங்கிப் பயிராகிறபோது, மலையில்லாமல் பூண்டில்லை என்ற வாதம் எங்கே நிற்கும்?

‘அப்படியானால் மந்த்சௌரில் வருவது காஞ்சியில் ஏன் எளிதாக வருவதில்லை?’ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, இதற்கு நேர்மையாக விடை சொல்லாமல் மேலே போவது வாதத்துக்கு அழகல்ல. பூண்டுச் செடி தாள் விடுவது ஒரு காரியம், அடியில் பல் பிரிந்து முழுப் பூண்டாகத் திரள்வது வேறொரு காரியம். தாள் விடுவதற்கு ஈரமும் வெளிச்சமும் போதும். பல் பிரிவதற்கோ இரண்டு சமிக்ஞைகள் வேண்டும்: ஒன்று சில வாரங்களேனும் உடம்பில் உறைத்த குளிர்ச்சி, மற்றொன்று அந்தந்த ரகத்துக்கு ஏற்ற பகல் நீளம். மந்த்சௌர் அடங்கிய மாளவத்து வயலில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் பத்துப் பாகையை ஒட்டி இறங்கிவிடுகிறது. நமக்கு அந்த மாதங்களிலும் இருபதுக்குக் கீழே வெகுதூரம் இறங்குவதில்லை. போதிய குளிர்ச்சி படாத பல், பிரியாமல் உருண்டு, வெங்காயம்போல் ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடுவதும் உண்டு. காஞ்சிக்கு இது ஒரு குறைதான், மறுக்கவில்லை. ஆனால் குளிர்ச்சி வேண்டியது விதைக்கு. வானத்திலிருந்துதான் அது வரவேண்டும் என்று செடி நிர்ப்பந்திப்பதில்லை. விதைப்பூண்டை முழுசாகவே, பல் பிரிக்காமல், காகிதப் பையில் போட்டு, ஐந்து முதல் பத்துப் பாகைக்குள் ஒரு மாதத்துக்கு மேல் குளிரவைத்து எடுத்து ஊன்றினால், கிழங்கு திரளுவது விரைவுபடுகிறது என்பது தோட்டக்கலை சாஸ்திரத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட விஷயம். அந்த ஒரு மாதக் குளிர்ச்சியைத் தருவதற்கு இன்று அநேக வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. அதில் காய்கறித் தட்டின் ஒரு மூலை போதும்.

இயற்கையாக இல்லாததைச் செயற்கையாகக் கொடுத்து வளர்ப்பது நம் மண்ணுக்கு உரிய பயிராகுமா என்று இங்கே ஒரு முணுமுணுப்பு எழலாம். இந்த ஊரில் எழவே கூடாத முணுமுணுப்பு அது. காஞ்சிபுரத்தில் மல்பெரித் தோட்டம் உண்டா? பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. சாயம் ஏற்றுவதும், தெருவில் பாவு நீட்டிப் பிணைப்பதும், கரையையும் உடலையும் வெவ்வேறாக நெய்து கோர்வையால் பிரியாதபடி இணைப்பதும் இந்த ஊர்க் கை. அந்தக் கையின் திறத்தால் அந்நியப் பொருள் அனைத்தும் காஞ்சிப் பட்டாகிறது. உலகம் அதை ஒப்புக்கொண்டும் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர், தம் தறியில் ஏறுகிற நூல் எதுவும் இந்த மண்ணில் பிறக்கவில்லை என்று தெரிந்தும் அதைத் தம்முடையதாகக் கொண்டாடுகிறபோது, ஒரு மாதம் குளிரவைத்த பூண்டுப் பல்லை மட்டும் அந்நியம் என்று தள்ளுவது என்ன நியாயம்?

இனி அனுபவம் என்ற இரண்டாவது காரணம். அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தப் பரீட்சையிலிருந்து பிறந்த அனுபவம் என்பதையும் விசாரிக்க வேண்டும். நம் ஊரில் பூண்டு வைத்துப் பார்த்துத் தோற்றவர்களில் பெரும்பாலோர் செய்கிற காரியம் மூன்று வகையில் பிழைபட்டது. கடையில் இருப்பதிலேயே பருத்து, ஊதாக் கோடு ஓடி, உரிக்க எளிதாக உள்ள பூண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய பல் ஊன்றினால் பெரிய பூண்டு வரும் என்பது அவர்கள் கணக்கு. மலைப்பூண்டு என்று விற்கப்படுகிற அந்தச் சரக்கில் கணிசமான பகுதி இமாசலப் பிரதேசத்தின் குலு, சிர்மௌர் பள்ளத்தாக்குகளிலிருந்து வருவது. வசந்தம் முற்றி, பகல் பதின்மூன்று பதினாலு மணி நேரம் நீளுகிறபோது திரளுகிற இனம் அது. காஞ்சிபுரத்திலோ மார்கழியிலும் பகல் பதினொரு மணி நேரத்துக்குக் குறைவதில்லை, ஆனியிலும் பதின்மூன்றை எட்டுவதில்லை. பன்னிரண்டைச் சுற்றியே நம் நாட்கள் ஆண்டு முழுவதும் ஊசலாடுகின்றன. இமாசலத்துப் பல் இங்கே எத்தனை காலம் நின்றாலும் அது எதிர்பார்க்கிற நீண்ட பகல் வரப்போவதில்லை; தாளாகவே இருந்து தாளாகவே வாடும். அந்த ஒரு பல்லின் தோல்வியை வைத்துப் பூண்டு ஜாதி முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். குறும்பகலில் திரளுகிற இனங்கள் இருக்கின்றன: நாட்டுப் பூண்டு என்று ஒதுக்கப்படுகிற சிறு பல் வெள்ளைப்பூண்டு, யமுனா சஃபேத் வரிசை, புனேயை அடுத்த ராஜகுருநகர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பீமா ஓம்கார், பீமா பர்ப்பிள் முதலியன. இவற்றில் ஒன்றை ஊன்றிப் பார்த்துத் தோற்றவர் வந்து சொல்லட்டும், அப்போது அனுபவம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது பிழை மாதம். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழக்கத்தால் எல்லாவற்றையும் ஆடியிலேயே ஊன்றிவிடுகிறோம். ஆடியில் ஊன்றிய பூண்டு ஆவணிப் புழுக்கத்தில் தவித்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தேங்கின நீரில் அழுகிப்போகும். இதில் பூண்டின் குற்றம் என்ன இருக்கிறது? தீபாவளிச் சேலைகள் தறியிலிருந்து இறங்குகிற அந்தச் சமயத்தில் விதைப்பூண்டைக் குளிரில் வைத்துவிட்டு, மழையின் உக்கிரம் தணிந்த கார்த்திகைப் பிற்பகுதியில் ஊன்ற வேண்டும். மார்கழி, தை, மாசி ஆகிய மூன்றும் அது வளருவதற்கு. பங்குனி வெயில் உறைப்பதற்குள் தாள் பழுத்துச் சாயும்.

மூன்றாவது, இடம். தெருவோரத்து வீடுகளின் கொல்லைகளில் பாதி, சாக்கடை ஈரம் ஊறிய களிமண். அதில் வாழை வரும், சேம்பு வரும், பூண்டு வராது. நாலு அங்குலம் உயர்த்திய மேட்டுப்பாத்தி. ஏரி வண்டல் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு. ஆறு மணி நேரமாவது நேர் வெயில். தொட்டியானால் அடியில் தாராளமான ஓட்டை. முழுப் பூண்டின் வெளிச் சுற்றிலிருந்து பெரிய பல்லாகத் தெரிந்து, தோலை உரிக்காமல், கூர்முனை மேலாக, இரண்டு விரற்கடை ஆழத்தில், வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், பல்லுக்குப் பல் 10 சென்டிமீட்டர் விட்டு ஊன்ற வேண்டும். களை அண்டக் கூடாது, ஏனென்றால் பூண்டுத் தாள் நிழல் பரப்பிப் பிற செடியை அடக்குகிற ஜாதி அல்ல. மாசியில் காற்று உலர்ந்தால் இலைப்பேன் வந்து தாளைச் சுரண்டி வெளுக்க வைக்கும். தண்ணீரைத் தாளின்மேல் வேகமாக விசிறியடிப்பதும், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும் வீட்டளவுக்குப் போதுமானவை. நுனித் தாள் பழுக்கத் தொடங்கியதும் நீரை நிறுத்திவிட வேண்டும். இரக்கப்பட்டு ஊற்றுகிற கடைசி இரண்டு வாரத்து நீர்தான் பலருடைய பூண்டை மண்ணுக்குள்ளேயே கெடுக்கிறது.

இத்தனையும் செய்து என்ன கிடைக்கும் என்று கேட்டால் மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன இடைவெளியில் ஒரு சதுர மீட்டரில் அறுபத்தைந்து பல் வரை அடங்கும். ஒவ்வொன்றும் கொடைக்கானல் பூண்டாகத் திரளும் என்று யாரேனும் சொன்னால் அவரை நம்ப வேண்டாம். சில ஒற்றைப் பூண்டாக நிற்கும், பல சிறுத்திருக்கும். செடிக்குப் பத்து கிராமே தேறினாலும் அரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பூண்டு கிலோ நானூறு ரூபாயைத் தாண்டி ஐந்நூறை எட்டிப் பார்த்தபோது ரசத்தில் தட்டிப்போடுகிற பல்லை எண்ணி எண்ணிப் போட்ட குடும்பங்களுக்கு அரைக் கிலோவின் மதிப்பை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் விலைக் கணக்கை என் வாதத்தின் தூணாக நிறுத்த எனக்கு விருப்பமில்லை. மலைப் பயிர் என்கிற கட்சியின் அடிப்படைப் பிழையே கணக்கில்தான் இருக்கிறது: வீட்டுப் பாத்தியை மண்டித் தராசில் வைத்து நிறுக்கிறார்கள். வியாபாரிக்குத் தாள் கழிவு. கிழங்கு ஒன்றே சரக்கு. வீட்டுக்கு அப்படியா?

இங்கேதான் நம் ஊரார் அறியாமலே இழந்துகொண்டிருக்கிற ஒரு செல்வத்தைச் சொல்ல வேண்டும். ஊன்றிய நாலைந்து வாரத்தில் ஒரு சாண் எழும்புகிற பூண்டுத் தாளைச் செடிக்கு ஒன்றிரண்டாக நறுக்கி எடுத்து, பொடியாக அரிந்து அடை மாவில் கலந்து பாருங்கள். உளுந்தோடும் மிளகாயோடும் வதக்கித் துவையல் அரைத்துப் பாருங்கள். இறக்குகிற ரசத்தில் மல்லித்தழைக்குப் பதிலாகத் தூவிப் பாருங்கள். பல்லின் மணம் முழுவதும் அதில் இருக்கிறது, ஆனால் உறைப்பு மெத்தென்று வருகிறது; குழந்தைகளும் முகம் சுளிப்பதில்லை. இந்தத் தாளைக் கடையில் வாங்க முடியாது. இரண்டு நாளில் துவண்டுவிடுகிற இதை மந்த்சௌரிலிருந்து லாரியில் ஏற்றி அனுப்ப யாராலும் ஆகாது. வீட்டுப் பாத்தியால் மட்டுமே தரக்கூடிய பதார்த்தம் இது. நமக்கு ஜரிகை அனுப்புகிற சூரத்துக்காரர்களைக் கேளுங்கள். பனிக்காலம் வந்தால் பச்சைப் பூண்டுத் தாளில்லாமல் அவர்களுக்கு உந்தியு என்னும் காய்கறிக் கூட்டைச் சமைக்க மனம் வராது, அதை அந்தப் பருவத்தின் விருந்தாகவே கொண்டாடுகிறார்கள். தொட்டியில் ஊன்றித் தாள் மட்டும் வந்தது என்று வருந்திப் பிடுங்கி எறிந்தவர்கள், சூரத்து மனிதர் பார்த்தால் பதறுகிற ஒரு காரியத்தைச் செய்திருக்கிறார்கள். இமாசலத்துப் பல்லானாலும் சரி, அடுக்களைக் கூடையில் தானாக முளைத்ததானாலும் சரி, குளிரவைக்க மறந்ததானாலும் சரி, தாள் வந்தே தீரும். ஆகவே கிழங்குக்கு நான் சொன்ன நிபந்தனைகள் அத்தனையும் ஒருவர் வீட்டில் தவறிப்போனாலும், ‘பூண்டு வராது’ என்ற தீர்ப்பு அப்போதும் பொய்யாகிறது.

கடைசியாக, கோயில் ஊர் என்ற ஆட்சேபணை. இதை லேசாகத் தள்ளுவது மரியாதையாகாது, ஏனென்றால் இந்த ஊரின் ஆசாரம் ஒருவருடையது அன்று; சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, திருப்பருத்திக்குன்றத்து ஜினகாஞ்சி ஆகிய மூன்றிடத்துச் சமயங்களும் ஏதோ ஒரு விதத்தில் பூண்டை விலக்கியவை. வரதராஜப் பெருமாளுக்கு மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகிற இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் மணக்கும், பூண்டு அதன் பக்கத்திலும் வராது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பௌத்த யாத்திரிகர் யுவான் சுவாங், இந்தியாவில் வெங்காயமும் பூண்டும் உண்போர் சிலரே என்றும், உண்பவர் நகர மதிலுக்கு வெளியே விலக்கப்படுவார் என்றும் எழுதிவைத்திருக்கிறார். இத்தனையும் உண்மை. ஆனால் விலக்கியவர்களே கதவை முழுக்கச் சாத்திவிடவில்லை. பௌத்த பிக்ஷுக்களுக்குப் பூண்டை விலக்கிய விநய நூலே, நோயுற்ற பிக்ஷு பூண்டு உண்ணலாம் என்று விலக்களிக்கிறது. புத்தரின் சீடர் சாரிபுத்திரரின் வயிற்று நோயை முன்னிட்டு அந்த அனுமதி பிறந்ததாக அங்கே சொல்லப்படுகிறது. யுவான் சுவாங்குக்கும் முந்திய காலத்தில் எழுதப்பட்டு, மத்திய ஆசியாவில் குச்சாவை அடுத்து 1890-இல் கிடைத்த பவர் சுவடி, தன் வைத்தியப் பகுதியைப் பூண்டின் பெருமையோடுதான் ஆரம்பிக்கிறது. நைவேத்தியத்துக்கு ஆகாதது வைத்தியத்துக்கு ஆகும் என்ற பகுப்பு நம் முன்னோர்களிடம் தெளிவாகவே இருந்தது. இன்றும் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுக்காத நெசவாளர் வீடு இந்த ஊரில் எத்தனை இருக்கும்? விரதமிருக்கிறவர் பூண்டைத் தொடாமல் இருப்பது அவருடைய நிஷ்டை. அதில் எனக்குப் பூரண மரியாதை உண்டு. கடையிலிருந்து வாங்கி வாரம் மூன்று நாள் பூண்டுக் குழம்பு வைக்கிற வீட்டார் புழக்கடைக்கு மட்டும் ஆசாரம் பேசுவதைத்தான் ஒப்ப முடியவில்லை.

என்னுடைய குறை இனி தோட்டக்காரர்மேல் அன்று, விதை கொடுக்கிறவர்கள்மேல். வீட்டுத் தோட்டத்துக்கென்று விற்கிற விதைப் பொட்டலங்களில் கத்தரியும் தக்காளியும் வெண்டையும் முருங்கையும் ஐந்து வகைக் கீரையும் இருக்கின்றன. பூண்டைக் காண்பது அரிது. இந்த மாவட்டத்தில் ஒருவர் குறும்பகல் இன விதைப்பூண்டு கால் கிலோ வேண்டும் என்று புறப்பட்டால், எந்தக் கடையில் எந்த ரகம் என்று சொல்லுவாரில்லாமல் மளிகைக் கடைக் கூடையிலேயே போய் நிற்கிறார், இமாசலத்துப் பல்லையே வாங்கி வருகிறார், மறுபடியும் தோற்கிறார், மறுபடியும் பழைய அபிப்பிராயம் வலுப்பெறுகிறது. தோட்டக்கலைத் துறையின் நாற்றுப் பண்ணைகள் ஐப்பசி பிறந்ததும் ரகத்தின் பெயர் எழுதிய விதைப்பூண்டை, வீட்டுக்குக் கால் கிலோ என்ற அளவில், குளிரவைத்தே விற்கலாம். இதற்குப் பெரிய மூலதனமோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. அதுவரைக்கும் தெரிந்த மண்டிக்காரரிடம் மந்த்சௌர் மூட்டையா, சிர்மௌர் மூட்டையா என்று கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை; கேட்டால் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் இரண்டுக்கும் விலை வேறு.